கொலைக்கதையும் காண்போர் மெய்ப்பாடும்

தோற்றுவாய்

கொலையைக் கண்டு அஞ்சுதல் மக்கட்கு இயல்பு. கொலைக்கதையைக் கேட்க விழைதலும் அவ்வாறே இயல்பாயிருக்கின்றது. இவ்விரண்டும் ஒரு நெஞ்சின்கண்ணே ஒருங்கு நிற்றல் எங்ஙனம் என்பது அறிஞர் பண்டுதொட்டு ஆராய்ந்துவரும் வினாவாகும். கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ தாம் இயற்றிய 'குடியரசு' என்னும் நூலின் நான்காம் பகுதியில் லியோன்டியஸ் என்பான் ஒருவனைப்பற்றிக் கூறுகின்றார். அவன் ஆதென்ஸ் நகரின் மதிற்புறத்தே வருங்கால், கொலைத்தண்டம் பெற்றோருடைய பிணங்கள் கிடத்தலைக் கண்டான். காணல் வேண்டும் என்னும் அவா ஒருபால் ஈர்த்தது. அருவருப்பு ஒருபால் தடுத்தது. முகத்தை மூடிக்கொண்டு நெடும்பொழுது தன்னொடு தானே போராடினான். இறுதியில் அவாவே வென்றது. அவன் பிணங்களை நோக்கி விரைந்தோடித் தன் கண்களையே பகைவர்போல வைது, அவற்றை வேண்டுமட்டும் காணவிட்டான் என்பது அக்கதை.

லியோன்டியஸின் கண்கள் இன்றும் நம்மிடத்தே உள்ளன. ஆனால் நாம் மதிற்புறத்திற்குச் செல்லவேண்டுவதில்லை. கைப்பேசித் திரையும் ஓய்ந்த இராப்பொழுதும் போதும். இந்நாளில் தொலைக்காட்சி நாடகங்களுள் மிகப் பெருந்தொகையினர் காண்பனவற்றுள் தொடர்கொலைஞரைப்பற்றியனவும் இடம்பெறுகின்றன. இவற்றைக் காண்போர் யாது உணர்கின்றனர்? அவ்வுணர்ச்சி எத்திசையிற் செல்கின்றது? அதனைச் செலுத்துவோர் யாவர்? இவ்வினாக்களை ஒரு நாடகத்தின்மேல் வைத்து ஆராய்தலே நம் கருத்து. அந்நாடகம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21ஆம் நாள் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ஜெப்ரி டாமர் என்பானது வரலாறாகும்.

ஆராய்ச்சிக்குக் கருவியாக நம் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலையே கொள்வோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு என்பது அவ்வியலின் துணிபு. நடிப்போன் உணர்த்தும் சுவை காண்போரிடத்துச் சென்று எய்துதலே மெய்ப்பாடு என்னும் பழைய கூத்து நூலாரின் கருத்தை உரையாசிரியராகிய இளம்பூரணர் எடுத்துக்காட்டுவர். ஆதலின், நாடகம் காண்போர் நிலையை அளத்தற்கு இவ்வளவுகோல் பொருந்துவதேயாம். எட்டனுள் மருட்கை, அச்சம், வெகுளி, அழுகை என்னும் நான்கே இங்கு நமக்கு வேண்டுவன.

வரலாறும் நாடகமும்

டாமர் அமெரிக்க ஐக்கிய நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் 1960இல் பிறந்தவன். 1978 முதல் 1991 வரை பதினேழு பேரைக் கொன்றான். கொல்லப்பட்டோர் சிறுவரும் இளைஞருமாகிய ஆண்மக்கள். அவருட் பலர் கருப்பினத்தவர், சிலர் ஆசியரும் இலத்தீன் அமெரிக்க வழியினரும் ஆவர். 1991 ஜூலை 22ஆம் நாள் அவனிடமிருந்து ஒருவர் தப்பியோடிக் காவலரை அழைத்துவந்தமையால் அவன் அகப்பட்டான். தனக்குச் சித்தம் பேதித்திருந்தது என்று அவன் சார்பில் வாதிக்கப்பட்டது. 1992 பிப்ரவரியில் ஜூரிமார் அதனை ஏலாது மறுத்தனர். ஆயுட்சிறைத் தண்டங்கள் பல விதிக்கப்பெற்று, 1994 நவம்பர் 28ஆம் நாள் சிறையிலேயே மற்றொரு கைதியால் அடியுண்டு மாண்டான்.

ரயன் மர்பி, இயன் பிரென்னன் என்னும் இருவர் இவ்வரலாற்றைப் பத்துப் பகுதிகள் கொண்ட நாடகமாக்கினர். இவான் பீட்டர்ஸ் கொலைஞனாக நடித்தார். வெளிவந்த அறுபது நாட்களுக்குள் உலகெங்கும் உள்ளோர் அதனைக் கண்ட நேரம் 100 கோடி மணியை எட்டிற்று என்று அந்நிறுவனத்தார் அறிவித்தனர். 2023 ஜனவரியில் பீட்டர்ஸ் இந்நடிப்பிற்காகக் கோல்டன் குளோப் பரிசு பெற்றார். இத்துணைப் பெருந்தொகையினர் கண்டனர் எனின், அவர் அனைவரும் ஒன்றையே உணர்ந்தனர் என்று கொள்ளலாகாது. ஒரே நாடகம் ஒருவரை வியப்பித்தது, ஒருவரை அச்சுறுத்திற்று, ஒருவரைச் சினங்கொள்வித்தது, ஒருவரை அழுவித்தது. இவற்றை நிரலே நோக்குவோம்.

மருட்கை

மருட்கையாவது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கன்வழிப் பிறக்கும் என்பர். ஆக்கம் என்பதற்கு ஒன்று மற்றொன்றாய்த் திரிந்தமை கண்டு வியத்தல் என்று பொருள் கொள்ளலாம். தொடர்கொலைஞர் கதைகளில் காண்போரை முதற்கண் பிணிப்பது இவ்வாக்கமே. வேதிநூல் வல்லுநர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, பள்ளியிற் பயின்று, அமைதியான முகத்தொடு சாக்கலேட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்த ஒருவன் எவ்வாறு இங்ஙனம் ஆயினான்? நாடகம் அவனுடைய இளமைக்கும், பெற்றோர் பிணக்கிற்கும், தனிமைக்கும் நெடிய இடம் தருகின்றது. அவற்றைக் கண்டோருட் சிலர், கொலைஞனுக்காகத் தாம் இரங்கியதாகவும் அவ்விரக்கத்தால் தாமே நாணியதாகவும் கூறினர்.

இதன் காரணம் அவரது நெஞ்சின் கொடுமை அன்று, கதையின் அமைப்பே. யாவனுடைய உள்ளத்தை நமக்குத் திறந்து காட்டுகின்றனரோ, அவன்பாலே நம் பரிவு சென்று சேரும். இஃது எல்லாக் கதைக்கும் பொதுவிதி. இதனை மேலும் தெளிவாகக் காட்டவல்லது 'டெக்ஸ்டர்' என்னும் கற்பனை நாடகம். 2006 முதல் 2013 வரை ஷோடைம் நிறுவனத்தார் நிகழ்த்திய அதில், மியாமி நகரக் காவற்றுறையில் இரத்தக் கறைகளை ஆராயும் வல்லுநனே மறைவில் கொலைஞனாயும் இருக்கின்றான். தண்டனைக்குத் தப்பிய கொலைஞரையே தான் கொல்வதாக அவன் தன் குரலாலேயே நமக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். அவன்மேல் ஐயுற்று வரும் காவலரைக் கண்டால் நமக்கே நெஞ்சு துணுக்குறும். அவன் அகப்படலாகாதே என்று கவல்வோம். நீதியின் பக்கம் நிற்றற்குரிய நாம், ஒரு குரலின் நயத்தால், எதிர்ப்பக்கத்தே சென்று நிற்கின்றோம். 2022 ஜனவரியில் முடிந்த பின்தொடரில் அவனை அவன் மகனே சுட்டு வீழ்த்துவதாக முடித்தனர். 2025இல் அவன் பிழைத்தெழுந்ததாக மீண்டும் ஒரு தொடர் தோன்றிற்று. காண்போர் விருப்பம் கொலைஞனைச் சாகவும் விடுவதில்லை போலும்!

டெக்ஸ்டர் கற்பனை, அவன் கையில் இறந்தோர்க்குத் தாயர் இலர். டாமர் கதையோ அங்ஙனம் அன்று. எனினும் மருட்கை இவ்வேறுபாட்டை எளிதில் மறக்கச் செய்யும். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் விழாவிற்கு அக்கொலைஞனுடைய மூக்குக்கண்ணாடியும் உடையும் போன்றவற்றை வேடமாகப் பூணச் சிலர் விழைந்தனர். ஈபே என்னும் இணையச் சந்தையார், வன்செயலைப் போற்றும் பண்டங்களை விற்றல் தம் விதிக்கு மாறென்று அவ்வேடப் பொருள்களை நீக்கினர். மருட்கை தன் எல்லை கடந்தவிடத்து விளைவது யாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அச்சம்

அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு எனத் தொல்காப்பியனார் வகுத்தார். பேய் முதலாய அணங்கு, கொடுவிலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பன அவை. இந்நாடகத்தின் தலைப்பில் 'அரக்கன்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் இடம்பெற்றுள்ளது. அஃதாவது, கொலைஞனை அணங்கொடும் விலங்கொடும் சேர்த்து எண்ணுமாறு தலைப்பே நமக்குக் கூறுகின்றது. அங்ஙனம் எண்ணுதலில் ஓர் ஆறுதல் உண்டு. அவன் மனிதன் அல்லன் எனின் நம்மினத்தான் அல்லன். அவன் மாண்டபின் அச்சமும் ஒழிந்தது என்று கதவைத் தாழிட்டு உறங்கலாம்.

ஆனால் நாடகத்தின் முதற்பகுதி அவ்வாறுதலை நமக்குத் தரவில்லை. அது கொலைஞன் அகப்படும் நாளிலேயே தொடங்குகின்றது. ஆகவே, அவன் பிடிபடுவானோ மாட்டானோ என்னும் வினா எழுதற்கு இடமில்லை. அதற்கு மாறாக, இத்துணை நாள் இவன் பிடிபடாதிருந்தது எங்ஙனம் என்னும் வினாவே எழுகின்றது. அடுத்த அறையிற் குடியிருக்கும் ஒரு பெண்மணி, சுவருக்கப்பாலிருந்து வரும் ஓசையைக் கேட்டும், தாங்கவொண்ணாத நாற்றத்தை உணர்ந்தும், பலகால் முறையிட்டும், கேட்பாரின்றி நிற்கின்றார். அவர் கிளெண்டா கிளீவ்லண்ட் என்பவர். நீசி நாஷ் என்னும் நடிகையார் அவராக நடித்துள்ளார். உண்மையில் கிளீவ்லண்ட் அம்மையார் குடியிருந்தது அடுத்த கட்டடத்தில்; நாடகத்தார் கதைக்காக அவரை அடுத்த அறைக்குக் கொணர்ந்தனர்.

இவ்விடத்தே காண்போரின் அச்சம் அணங்கினின்றும் விலங்கினின்றும் பெயர்ந்து, நான்காம் நிலைக்களனாகிய தலைவர்மேற் செல்கின்றது. காப்பார் எனக் கருதப்பட்டோர் காவாராயின் யாது செய்வது என்னும் அச்சம் அது. இவ்வச்சம் பயனுடையது; ஏனெனின், இதுவே வெகுளியை ஈன்றது.

வெகுளி

உறுப்பினை அறுத்தல், குடிக்குக் கேடு சூழ்தல், அலைத்தல், கொலை என்னும் நான்கனால் வெகுளி பிறக்கும் என்பது நூற்றுணிபு. இந்நாடகத்தில் காண்போரைப் பெரிதும் வெகுள்வித்தது, 1991 மே 27ஆம் நாள் நிகழ்ந்த உண்மை நிகழ்ச்சியாகும். அதனைச் சுருங்கக் கூறுவோம்.

லாவோஸ் நாட்டினின்றும் குடிபெயர்ந்து வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன், வயது பதினான்கு, மயக்கமருந்து ஊட்டப்பட்டவனாய், ஆடையின்றி, இரத்தம் ஒழுக, அக்கொலைஞன் வீட்டினின்றும் தப்பித் தெருவில் வந்து நின்றான். அவனைக் கண்ட கருப்பின இளம்பெண்கள் காவலரை அழைத்தனர். காவலரும் வந்தனர். பின்னர் நிகழ்ந்ததே கொடிது. கொலைஞன் வந்து, இவன் பத்தொன்பது வயதினன், என் நண்பன், குடித்திருக்கின்றான் என்று அமைதியாகச் சொன்னான். அப்பெண்கள் கதறி மறுத்தும் காவலர் அவர் சொற்கொள்ளாது, சிறுவனை மீண்டும் அவ்வீட்டிலேயே கொண்டுபோய் விட்டனர். சிறுவன் அங்கே கொல்லப்பட்டான். அப்பெண்களுள் ஒருவரின் தாயாராகிய கிளீவ்லண்ட் அம்மையார் காவல் நிலையத்திற்குத் தொலைபேசி வாயிலாகப் பேசி, அவன் சிறுவன் அன்றோ என்று திரும்பத் திரும்ப வினவினார். அவன் வளர்ந்த ஆடவனே என்று விடை கிடைத்தது.

கொலைஞன் அந்நாளில் நன்னடத்தைக் காவலில் இருந்தவன். எக்குற்றத்திற்காக எனின், அதே சிறுவனுடைய தமையனுக்கு 1988இல் இழைத்த கொடுமைக்காக! காவலர் அவன் பெயரைப் பதிவேட்டிற் பார்த்திருந்தால் அப்பொழுதே உண்மை வெளிப்பட்டிருக்கும். மே 27க்குப் பின்னர் அவன் பிடிபடுமுன் மேலும் நால்வர் மாண்டனர். அவ்விரு காவலரும் வேலையினின்று நீக்கப்பட்டு, 1994இல் மீண்டும் சேர்க்கப்பட்டனர். சிறுவனின் குடும்பத்தார்க்கு மில்வாக்கி நகராட்சியார் 1995இல் 8,50,000 டாலர் ஈடு தருதற்கு இசைந்தனர்.

இந்நிகழ்ச்சியை முன்னம் அறியாதிருந்த பல்லாயிரவர் இந்நாடகத்தாலே அறிந்தனர். கருப்பினப் பெண்களின் சொல்லுக்குச் செவிசாய்க்காத காவலர், வெள்ளையன் ஒருவனின் சொல்லை உசாவாது நம்பினர் என்னும் வெகுளி எங்கும் எழுந்தது. 2024 ஜனவரியில் எம்மி பரிசு பெற்ற நீசி நாஷ், குரல் எழுப்பியும் கேட்கப்படாத கருப்பினப் பெண்டிர் அனைவர் சார்பாகவும் அப்பரிசை ஏற்பதாகக் கூறி, கிளீவ்லண்ட் அம்மையாரின் பெயரையும் நினைவுகூர்ந்தார். கொலைக்கதை நாடகங்களை அறவே விலக்கல் வேண்டும் என்பார்க்கு இது தக்க விடையாகும். மறைந்துகிடந்த பிழையொன்றை வெளிக்கொணர்ந்து, பிழைத்தோர்மேல் நேரிய வெகுளியை எழுப்புதல் நாடகத்திற்கு இயலும். இதனை நாம் மறுக்கவில்லை.

அழுகை

அழுகைக்குரிய நான்கனுள் ஒன்று இழவு. இந்நாடகத்தின் ஆறாம் பகுதி அவ்விழவைப் பொருளாகக் கொண்டது. கொல்லப்பட்டோருள் செவிப்புலன் இழந்த இளைஞர் ஒருவர் இருந்தார். அப்பகுதி அவர் பிறப்பினின்றும் தொடங்குகின்றது. அவருடைய தாயார், நண்பர், சைகைமொழியில் அவர் ஆடும் நகையாட்டு, நடைமேடை அழகராக வரல்வேண்டும் என்னும் அவா ஆகியவை காட்டப்படுகின்றன. சில காட்சிகளில் ஓசையை முற்றும் ஒடுக்கி, அவர் கேட்ட மௌனத்தையே நமக்கும் கேட்பிக்கின்றனர். ஐந்து பகுதிகளாகக் கொலைஞனின் தோளருகே நின்று நோக்கிய நாம், இங்கே முதன்முறையாக, இறப்போன் பக்கத்தே நின்று கொலைஞன் வருதலைக் காண்கின்றோம். அவன்பால் இருந்த வியப்பு முழுதும் ஒரு நொடியில் வற்றிவிடுகின்றது. காண்போரும் திறனாய்வாளரும் பத்துப் பகுதிகளுள் இதனையே பெரிதும் போற்றினர். கண்ணீர் விட்டதாகப் பலர் கூறினர்.

நாடக நூலை மட்டும் ஆராய்வோமாயின், நம் கட்டுரை ஈண்டு முடிந்திருக்கும். கொலைஞன் கண்வழிக் காட்டினால் மருட்கை. இறந்தோன் கண்வழிக் காட்டினால் அழுகை. பின்னது நன்று என்று கூறி அமைந்திருப்போம். ஆனால் அவ்விளைஞருடைய தாயார் உயிருடன் இருந்தார். நிகழ்ந்தது அவ்வாறு அன்று என்றும், தம் பெயர்களை எடுத்து இங்ஙனம் உலகின்முன் வைத்தல் எவ்வாறு தகும் என்றும் அவர் செய்தித்தாளார்க்குக் கூறினார். நம்மை அழுவித்த அப்பகுதியே அவர்க்குத் துயர் தந்தது. இவ்விடத்தில் நம் அளவுகோல் போதாதாகின்றது.

இரண்டாங் காண்போர்

கூத்து நூலார் காண்போர் எனக் கூறியது அரங்கின்முன் அமர்ந்த அயலாரையே. உண்மைக் கொலையை நாடகமாக்குங்கால் மற்றொரு காண்போரும் உளர். அவர் இறந்தோருடைய தாயரும் உடன்பிறந்தாருமே. அவர்க்கு அது நாடகம் அன்று.

1992இல் நீதிமன்றத்தில் தண்டனை கூறப்படுமுன், கொல்லப்பட்டோரின் சுற்றத்தார் தம் துயரைச் சொல்ல இடங்கொடுத்தனர். ஒருவருடைய தமக்கையார் ஆற்றாது வெகுண்டு, கொலைஞனை நோக்கிக் கதறினார். அக்காட்சி அந்நாளிலே தொலைக்காட்சியில் வந்தது. முப்பது ஆண்டுகளுக்குப்பின் நாடகத்தார் அதனை அவர் உடையும் சொல்லும் அவ்வாறே அமைய நடிப்பித்தனர். அதனைக் கண்டபொழுது தம் துயர் முழுதும் மீண்டும் தம்மேல் வந்து விழுந்தது என்றும், தம்மை ஒருவரும் முன்னர் வினவவில்லை என்றும் அவ்வம்மையார் எழுதினார். நாடகத்தாராகிய மர்பி இதற்கு விடையாக, மூன்றரை ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ இருபது குடும்பத்தாரையும் நண்பரையும் தாம் அணுகியதாகவும், ஒருவரும் மறுமொழி தரவில்லை என்றும் கூறினார். இரு கூற்றையும் ஒருங்கே வைத்து எண்ணினும் ஒன்று தெளிவு. மறுமொழி வாராமை இசைவு ஆகாது. வழக்கு மன்றத்தில் வெளிப்பட்ட செய்தியை எவரும் எடுத்தாளலாம் என்பது சட்டம். சட்டம் விடுத்த இடத்தில் மனச்சான்று தொடங்கல் வேண்டும்.

மில்வாக்கி நகரத்தார் இத்துயரை எங்ஙனம் கையாண்டனர் என்பதும் ஈண்டு அறியத்தக்கது. கொலைகள் நிகழ்ந்த குடியிருப்புக் கட்டடத்தை அவர்கள் 1992 நவம்பரில் இடித்துத் தரைமட்டமாக்கினர். கொலைஞனுடைய கருவிகளையும் உடைமைகளையும் ஏலத்தில் விற்று, வரும் பொருளை இறந்தோர் குடும்பத்தார்க்குப் பங்கிடலாம் என ஒரு முயற்சி எழுந்தது. அவை வேடிக்கைப் பொருளாய் எவர் கையிலேனும் போய்ச் சேருமே என்று அஞ்சிய நகரச் சான்றோர், 4 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை திரட்டி, 1996இல் அவற்றை வாங்கி அழித்தனர். குடும்பத்தார்க்குப் பொருளும் கிடைத்தது. காட்சிப் பொருளும் ஒழிந்தது. மருட்கைக்கு ஊண் அளித்தல் ஆகாது என ஒரு நகரமே பொருள் செலவிட்டுத் தடுத்தது. 2022இல் அவ்வறை, நாடக அரங்கில், சுவரும் கதவும் விளக்குமாக மீண்டும் எழுப்பப்பட்டு, உலகமெங்கும் காட்டப்பட்டது.

மற்றொரு வழி

அங்ஙனமாயின், உண்மைக் கொலைகளை நாடகமாக்கவே கூடாதோ எனின், ஆக்கும் முறையில் வேறுபாடு உண்டு என்பதற்கு இங்கிலாந்தினின்றும் ஒரு சான்று தருவோம். பீட்டர் சட்கிளிப் என்பான் 1975 முதல் 1980 வரை இங்கிலாந்தின் வடபகுதியில் பதின்மூன்று பெண்டிரைக் கொன்றான். காவலர் அவனை ஒன்பது முறை உசாவியும் விட்டுவிட்டனர். போலிக் கடிதங்களும் ஒலிநாடா ஒன்றும் அவர்களை வேறு திசையில் இழுத்துச் சென்றன. அவற்றை அனுப்பிய பொய்யன் 2006இல் தண்டனை பெற்றான். 1981இல் வழக்கு நிகழ்ந்தபொழுது, இறந்தோருட் சிலர் பொதுமகளிர் என்றும், அல்லாதாரும் இறந்தமையே பெரிதும் இரங்கத்தக்கது என்றும் பொருள்பட அரசு வழக்கறிஞரே பேசினார். இறந்தோருள்ளும் மேலோர் கீழோர் எனப் பிரித்த அப்பேச்சு அவர்தம் மக்களை நெடுங்காலம் வருத்திற்று. 2020 நவம்பரில் கொலைஞன் மாண்டபொழுது, தம் துறையினர் அந்நாளில் வழங்கிய சொற்களுக்காக மேற்கு யார்க்ஷயர்க் காவற்றலைவர் மன்னிப்பு வேண்டினார்.

இவ்வரலாற்றை ஐடிவி நிறுவனத்தார் 2023இல் ஏழு பகுதிகளாக நிகழ்த்தினர். முதற்கண் அதற்குக் கொலைஞனுக்குச் செய்தித்தாளார் இட்ட பட்டப்பெயரையே தலைப்பாக இட்டிருந்தனர். அப்பெயரால் தம் அன்னையர் வாழ்வு மறைக்கப்படுகின்றது என்று இறந்தோர் மக்கள் வருந்தவே, அதனை நீக்கி 'நெடுநிழல்' எனப் பொருள்படும் தலைப்பை அமைத்தனர். நாடகமும் அதற்கேற்பவே செல்கின்றது. வறுமையால் இடர்ப்படும் ஒரு குடும்பத்தாயின் இல்லத்தில் அது தொடங்குகின்றது. கொலைஞன் முகம் நெடும்பொழுது காட்டப்படுவதில்லை. கொலைச் செயலும் காட்டப்படுவதில்லை. கதவு தட்டப்படுதலும், சிறார் விழித்தெழுதலும், பின் வந்த ஆண்டுகளுமே காட்டப்படுகின்றன. அதனைக் கண்டு முடித்தோர் நெஞ்சில் நிற்பது கொலைஞன் வடிவம் அன்று. தாயின்றி வளர்ந்த சிறாருடைய வடிவமே.

இதனாலும் துயர் முழுதும் தீர்ந்தது என்று நாம் சொல்லவில்லை. அதுவும் ஒரு நிறுவனத்தார் காண்போரை வேண்டி நிகழ்த்திய நாடகமே. எனினும், கேட்டுச் செய்தலும் கேளாது செய்தலும் ஒன்றல்ல; முகத்தைக் காட்டலும் நிழலைக் காட்டலும் ஒன்றல்ல.

முடிபு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். காண்போர் உணர்ச்சி தானே எழுவதுபோலத் தோன்றினும், கதை எவர் கண்வழி நோக்குகின்றதோ அவ்வழியே செல்கின்றது. கொலைஞன் கண்வழிச் சென்றால் மருட்கையாய் மிகுந்து, வேடம் பூணுமளவும் போகும். காவாத காவலரைக் காட்டினால் நேரிய வெகுளியாகும். இறந்தோர் கண்வழிச் சென்றால் அழுகையாகும். ஆனால் அவ்வழுகையும், உரியோரைக் கேளாது எடுக்கப்பட்டதாயின், பிறர் புண்ணினின்றும் பெற்றதேயாகும். நாம் கண்ணீர் விட்டோம் என்பது கொண்டே நாடகம் நன்றெனத் துணிதல் கூடாது.

மாணவ நண்பர் பலர் இத்தகைய நாடகங்களை விடுதியறைகளிற் கூடியிருந்து காண்கின்றனர். காணற்க என்று கூறுதல் நம் கருத்தன்று. லியோன்டியஸும் தன் கண்களைத் தடுக்கமாட்டாது தோற்றான். ஆனால் அவனிடத்தில் ஒரு நன்மை இருந்தது. தான் யாது செய்கின்றான் என்பதை அவன் அறிந்து செய்தான். நாமும் அறிந்து காண்போமாக. ஒரு பகுதி முடிந்து அடுத்தது தானே தொடங்குமுன் உள்ள சில நொடிகளில் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம். இப்பொழுது நாம் எவர் பக்கத்தே நிற்கின்றோம்? இக்கதையில் இறந்தோர்க்குக் கொலைக்கு முன் ஒரு வாழ்வு காட்டப்பட்டதா? இது மெய்க்கதையாயின், அவர்தம் சுற்றத்தார் இதனைப்பற்றி யாது கூறினர்?

மூன்றாம் வினாவிற்கு விடை திரையில் இராது. செய்தித்தாளிலும் நூல்நிலையத்திலும் தேடியே அறிதல் வேண்டும். அத்தேடலும் நாடகம் காண்டலின் ஒரு பகுதியென நம் மாணவர் கொள்வாராக. கொலைஞன் பெயரை உலகம் நன்கறியும். மே 27ஆம் நாள் தெருவில் நின்று அச்சிறுவனுக்காகக் காவலரொடு வாதாடிய இளம்பெண்களை அறிந்தோர் சிலரே. அச்சிலருள் நாமும் ஒருவராதல் வேண்டும்.